பௌலிங் பந்தின் மேலுறை

பௌலிங் பந்தின் மேலுறை என்பது டென்பின் பௌலிங் ஆட்டத்தில் உருட்டப்படும் பந்தின் வெளிப்புற அடுக்கு ஆகும். பந்து எவ்விடத்தில், எவ்வளவு வளையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இவ்வடுக்கே. உட்கருவின் பங்கு அதற்கு அடுத்ததாகும்.

தடமும் எண்ணெயும்

பிழைக்கோட்டிலிருந்து முதல் முளை வரை தடத்தின் நீளம் 60 அடி. அகலம் 39 பலகைகள். மரத்தளத்தைக் காக்கத் தொடக்கத்தில் பூசப்பட்ட எண்ணெய் இன்று செயற்கைத் தளங்களிலும் பூசப்படுகிறது. பொதுவாக முதல் 40 அடி அளவுக்கே எண்ணெய் இருக்கும். பந்து அதில் வழுக்கிச் சென்று, எஞ்சிய உலர் பகுதியில் தளத்தைப் பற்றி வளைகிறது. எண்ணெய் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆட்டக்காரர் பந்தின் ஓட்டத்தைக் கொண்டே அதை அறிய வேண்டியிருப்பதால், பார்வையாளருக்கு இவ்வாட்டம் உண்மையைவிட எளிதாகத் தோன்றுகிறது.

வகைகள்

மரப்பந்துகளுக்குப் பின் கெட்டி ரப்பரும், 1960களில் பாலியெஸ்டரும் பரவின. 1973இல் அமெரிக்கரான டான் மெக்யூன் பந்தை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி ஆறு பட்டங்களை வென்றார். அதன் பின்னரே பந்தின் கடினத்தன்மைக்கு விதிகள் வந்தன. 1980களில் யூரித்தேனும் 1990களின் தொடக்கத்தில் வினைபடு பிசினும் அறிமுகமாயின. பிசின் மேலுறையின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சுவதால் பற்று மிகுகிறது.

பொருத்துதல்

எண்ணெய் மிகுந்த தடத்திற்குச் சொரசொரப்பாகத் தேய்த்த பிசின் பந்தும், நடுத்தர அளவுக்கு மெருகேற்றிய பிசின் பந்தும், எண்ணெய் குறைந்த அல்லது குறுகிய தூரமே பூசப்பட்ட தடத்திற்கு யூரித்தேனும் ஏற்றவை. உலர்ந்த தடத்தில் சொரசொரப்பான பந்து முன்னதாகவே வளைந்து, முளைகளை அடையுமுன் விசையை இழக்கும். மிகுந்த எண்ணெயில் பாலியெஸ்டர் பந்து வளையாமலே சென்றுவிடும். எனினும் தனித்து நிற்கும் ஓரமுளையை வீழ்த்த, நேராகச் செல்லும் பாலியெஸ்டரையே தேர்ந்த ஆட்டக்காரர்களும் எடுக்கின்றனர்.

திருப்புமுனையைக் கணிக்க, எண்ணெய் பூசிய அடிகளிலிருந்து 31ஐக் கழிப்பது வழக்கம். 40 அடி எனில், வலக்கை ஆட்டக்காரர் வலமிருந்து 9ஆவது பலகையருகே பந்து திரும்புமாறு உருட்டுவார். இது தொடக்கக் கணிப்பு மட்டுமே. ஆட்டம் நடக்க நடக்கப் பந்துகள் எண்ணெயை உறிஞ்சியும் முன்னே கடத்தியும் தடத்தை மாற்றிவிடுகின்றன. காலையில் பொருந்திய பந்து மாலையில் பொருந்தாமல் போகலாம்.

இந்தியாவில்

விளையாட்டுக் கூடங்களில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர் பந்துகள். ஆகவே அங்கு பழகியவர் போட்டித் தடத்திற்கு வரும்போது மேலுறைத் தேர்வைப் புதிதாகக் கற்கிறார். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய வாகையர் பட்டம் வென்றுள்ளார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பௌலிங் 1978இல் பாங்காக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பொதுநலவாய விளையாட்டுகளில் 1998இல் கோலாலம்பூரில் மட்டுமே இடம்பெற்றது.