மலையாள யதார்த்தத் திரைப்படம்

மலையாள யதார்த்தத் திரைப்படம் என்பது ஓர் ஊர், ஒரு வீடு, ஒரு பிழைப்பு, அவற்றுக்குள் எழும் சிறு மனத்தாங்கல்கள் ஆகியவற்றை அவசரமின்றிச் சொல்லும் கேரளப் பட மரபு. 1950களில் தொடங்கிய இம்மரபு இன்று தமிழ்நாட்டிலும், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் கேட்டி போன்ற ஊர்களில் வாழும் தமிழரிடையேயும் விரும்பிப் பார்க்கப்படுகிறது.

தோற்றம்

ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் இயக்கிய 'நீலக்குயில்' (1954) தீண்டாமையைக் கதைப்பொருளாக்கியது. அடுத்த ஆண்டு பி. ராமதாஸ் தலைமையில் மாணவர்கள் எடுத்த 'நியூஸ்பேப்பர் பாய்', இத்தாலிய நவயதார்த்தப் படங்களின் தாக்கத்தில் ஓர் அச்சகத் தொழிலாளியின் வறிய குடும்பத்தைக் காட்டியது. தகழி, உறூப், எம்.டி. வாசுதேவன் நாயர் போன்ற எழுத்தாளர்கள் திரைக்கு வந்ததால் படங்களுக்கு உறுதியான கதைகள் கிடைத்தன. 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கம் அந்தக் கதைகளுக்கு முன்பே வாசகர்களை உருவாக்கியிருந்தது.

அக்காலத்தில் மலையாளப் படங்களில் பெரும்பாலானவை சென்னையின் ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்டன. பி.என். மேனனின் 'ஓளவும் தீரவும்' (1970) கேமராவை ஆற்றங்கரைக்கும் சந்தைக்கும் கொண்டுசென்று அந்த வழக்கத்தை உடைத்தது.

புதிய அலையும் நடுவழியும்

அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அடூரின் முதல் படமான 'சுயம்வரம்' (1972) வீட்டைவிட்டு வந்த ஓர் இளம் தம்பதியின் வாடகை வீட்டு வாழ்க்கை. அது சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு ஆகிய நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. சரிந்துவரும் நிலவுடைமைக் குடும்பத்தைப் பற்றிய அவரது 'எலிப்பத்தாயம்', 1982இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சதர்லாந்து விருதை வென்றது. அதே காலத்தில் ஜி. அரவிந்தன் இன்னும் மௌனமான ஒரு திரைமொழியை வளர்த்தார்.

1980களில் பரதன், பத்மராஜன், கே.ஜி. ஜார்ஜ் ஆகியோர் கலைப்படத்தின் நேர்மையையும் வணிகப் படத்தின் சுவையையும் ஒன்றாக்கினர். சத்யன் அந்திக்காடும் ஸ்ரீனிவாசனும் வேலையின்மையையும் வீட்டுக்குள் புகுந்த கட்சி அரசியலையும் சிரிப்போடு சொன்னார்கள்.

2010க்குப் பின்

திலீஷ் போத்தனின் 'மகேஷிண்டே பிரதிகாரம்' (2016) இந்த மரபுக்குப் புதிய தலைமுறை ரசிகர்களைக் கொண்டுவந்தது. தெருச் சண்டையில் அடிவாங்கிய இடுக்கி போட்டோகிராபர் ஒருவர், திருப்பி அடிக்கும்வரை செருப்பு அணிவதில்லை எனச் சபதம் செய்கிறார். அந்தப் பழிவாங்கலைவிட அவருடைய ஸ்டுடியோவும், அப்பாவும், கைகூடாத காதலும், ஊர்ப் பேச்சும்தான் படத்தை நிறைக்கின்றன. இப்படத்துக்கு ஷ்யாம் புஷ்கரன் எழுதிய திரைக்கதை தேசிய விருது பெற்றது. ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) நறுக்குதல், சமைத்தல், கழுவுதல் என ஒரு மருமகள் செய்யும் ஒரே வேலைகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. பார்ப்பவருக்கு வரும் அலுப்பே அந்த மருமகளின் அலுப்பைப் புரியவைக்கிறது. இங்கே மெதுவான நடைதான் படத்தின் வாதம்.

வட்டார வழக்கு, உண்மையான இடங்கள், துணைப்பாத்திரங்களுக்கும் தனி வாழ்க்கை, வசனமற்ற நேரத்துக்குக் கொடுக்கும் மதிப்பு ஆகியவை இப்படங்களின் ஈர்ப்புக்குக் காரணங்கள்.

தமிழோடு உறவு

மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த பாலு மகேந்திரா, 'நெல்லு' (1974) என்ற மலையாளப் படத்தில் ஒளிப்பதிவாளராக அறிமுகமானவர். பின்னர் தமிழில் அவர் எடுத்த 'வீடு' (1988), நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு கட்டப் படும் பாட்டை இதே நிதானத்தில் சொன்னது. 'மகேஷிண்டே பிரதிகாரம்' தமிழில் 'நிமிர்' (2018) ஆனது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில், வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, அங்கே காணாமற்போன சுந்தரம் என்பவராகவே வாழத் தொடங்குகிறார். மம்மூட்டி நடித்த இப்படத்தின் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர். பழைய தமிழ்ப் பாட்டும் பட வசனமும் பின்னணி முழுக்க ஒலிக்கின்றன.

அமெரிக்காவில்

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கேரளச் செவிலியர் பலர் அமெரிக்கா சென்றனர். ஹூஸ்டன் வட்டாரம் மலையாளிகள் திரண்டு வாழும் இடமானது. அதன் மேற்குப் புறநகரான கேட்டியிலும், அருகிலுள்ள எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் நிறைந்த பகுதியிலும் தமிழர் உட்பட இந்தியப் பொறியாளர்கள் குடியேறினர். ஆங்கில வசனவரிகளோடு வரும் மலையாளப் படம் தமிழருக்குப் பாதி காதாலேயே புரிந்துவிடுகிறது. ஓடிடி தளங்கள் வந்தபின் தியேட்டருக்குக் காத்திருக்கும் தேவையும் குறைந்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு முற்றம், டீக்கடை, மழை, அண்டை வீட்டுக் குரல் ஆகியவற்றை அவசரமில்லாமல் காட்டும் படம் நெருக்கமானது.

இம்மரபுக்குப் புதிதாக வருபவர்கள் 'மகேஷிண்டே பிரதிகாரம்', 'நண்பகல் நேரத்து மயக்கம்', 'எலிப்பத்தாயம்' என்ற வரிசையில் பார்க்கலாம். முதல் அரைமணி நேரம் கதை எங்கே என்று தேடாமல், அந்த மனிதர்களோடு இருந்து பார்க்க வேண்டும்.