காரின் அடித்தகடும் யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடையும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து தீவகம் செல்பவர் முதலில் அடைவது மண்டைதீவை. நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு அது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய ஊர்களுக்குச் செல்லும் வீதி அதனூடாகவே போகிறது. இருமருங்கும் கடல் விரியும் அந்தப் பாதையின் அழகைப் பலர் எழுதியுள்ளனர். அதே கடலின் உப்பு அவ்வழியே ஓடிய கார்களின் அடித்தகட்டை அரித்துத் தின்ற கதை அதிகம் பேசப்படுவதில்லை. அக்கதைக்குள் நமது அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதியும் அடங்கியிருப்பதால் அதனை இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஓடியமைக்கு, நமது மக்களின் சிக்கனம் மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழியாக இருந்தது. இக்கார்கள் அரசியலையும் சுமந்தன. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டபோது, தமிழ்ப் பகுதிகளில் அதனை எதிர்த்து இயக்கமே நடந்தது. ஒரு தகட்டில் இருந்த ஓரெழுத்து ஒரு நாட்டின் போக்கைக் காட்டிய காலம் அது.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையும் அதற்குண்டு. உற்பத்திக்குச் சற்று முன்னர், கார் அகலம் போதாது என்று இசிகோனிஸ் கருதினார். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். அந்த நான்கு அங்குலம் முன்மூடியின் நடுவே தட்டையான பட்டியாக இன்றும் தெரிகிறது. உள்ளே, முன்னாசனங்களுக்கு நடுவில் கியர்பொக்ஸையும் பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டையும் மூடி நீளும் மேட்டின் இருபுறமும், இரண்டிரண்டு அங்குலமாகத் தகடு சேர்க்கப்பட்டது.

இந்த நடுமேடும் அதனைச் சூழ்ந்த தரைத்தகடும் துருப்பிடித்தால் என்னவாகும்? தொடக்ககால ஒஸ்ரின் ஏ 40க்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. ஆதலால் தரை ஓட்டையானாலும் காரின் உறுதி உடனே கெட்டுவிடாது. மைனருக்கு அத்தகைய சட்டம் இல்லை. தகட்டுடலே அதன் எலும்பு. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள், கியர்பொக்ஸின் கீழ் குறுக்கே ஓடும் இரும்பில் பொருத்தப்பட்டுள்ளன. அந்த இடம் துருவினால் இற்றுப்போனால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது, மண்டைதீவு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பிடித்துச் செல்லப்பட்டு இன்றுவரை திரும்பாதவர்களும் உளர். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், மின்கலம், சீமெந்து, இரும்பு என்று தடைப்பட்டியல் நீண்டது. அப்போதுதான் பழைய கார்களின் மதிப்பு தெரிந்தது. அழுத்தம் குறைந்த அந்த இயந்திரங்களைச் சில துளி பெற்றோலால் இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கிக்கொண்டே அவை நோயாளரையும் பிரேதங்களையும் மணமக்களையும் சுமந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறிய பாதையிலும் அவை ஊர்ந்தன.

எரிபொருளுக்கு வழி கண்டவர்கள் தகட்டுக்கும் வழி கண்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மண்டைதீவில் ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு மைனரின் உட்தரையைப் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுமேட்டின் மேல் மூடியில் தார்ப் பீப்பாவை வெட்டி நிமிர்த்திய ஒட்டு ஒன்று இருந்தது. வெல்டிங் இல்லை, ஆணியறைந்து முறுக்கிய விளிம்பு. தடைக்காலத்து வேலை என்றார் வீட்டுக்காரர். ரிங்கர் வேலை செய்தவர் முதிய கைவினைஞர். அவர் முதலில் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்பு வைத்து இறுக்கினார். தாங்கலின்றித் தரையை வெட்டினால் உடல் தொய்ந்து கதவு பூட்டாது என்பது அவர் விளக்கம். பின்னர் துருவேறாத தகடு வரும்வரை வெட்டி, கடதாசி மட்டையில் அச்செடுத்து, குழாயின் மேல் வைத்துப் புதுத் தகட்டை வளைத்தார். நெடுக வெல்டிங் செய்யாமல், வெப்பத்தால் தகடு கோணாதபடி இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்தார்.

இங்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வெயர் என்பவரின் முயற்சியில், காலி மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை உருவாயிற்று. மைனருக்கான தகட்டுப் பாகங்களை அங்கே கைகளால் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினர். அத்தொழிலாளரின் திறமை போற்றத்தக்கது. ஆனால் ஒரே தீவின் தெற்கில் மைனரின் தகடு ஏற்றுமதிப் பொருளாக இருந்த காலத்தில், வடக்கில் அதே காரை ஒட்டுவதற்குத் தார்ப் பீப்பாவைத் தேடினோம். போரின் பொருளாதாரத்தை விளக்க இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

2002 ஏப்ரலில் ஏ 9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் மூடியது. 2009இல் மீண்டும் திறந்தது. அதன்பின் பழைய கார்களுக்குப் புதிய மதிப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தகப்பனின் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஆக்கித்தர வேண்டுகின்றனர். விருப்பம் நியாயமானது. ஆனால் 1950களின் தோற்றத்தை மீட்கும்போது 1990களின் தழும்புகள் குப்பைக்குப் போகின்றன. அத்தகைய ஒட்டுகள் எந்த அரும்பொருட் சாலைக்கும் போவதில்லை. பழைய இரும்பு விலைக்கே போகின்றன.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இயலாது. இற்றுப்போன குறுக்கிரும்பும் தரையும் மாற்றப்படவே வேண்டும். ஆனால் மைனரின் கியர்பொக்ஸ் மூடி திருகாணிகளால் பூட்டப்பட்டது. கழற்றினால் முழுதாகவே வரும். புதிதொன்றைப் பூட்டிவிட்டுப் பழையதை ஒட்டோடு வைத்திருக்கலாம். மண்டைதீவு வீட்டுக்காரர் அப்படியே செய்தார். எறியப்போன மூடியைத் துடைத்து, அதன் உட்புறத்தில் காரின் இலக்கத்தையும் ஒட்டுப் போட்ட ஆண்டையும் எழுதி, வீட்டு விறாந்தையில் சாத்தி வைத்தார். தமது வீட்டுக் கார்களைப் புதுப்பிக்க எண்ணும் வாசகர்கள், தகட்டை வெட்டுமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். அந்த ஒட்டை யார், எப்போது, எதைக்கொண்டு போட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.