அடுக்களையும் ஆசனமும்
யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் வீட்டாரும் மாணவரும்

பாடசாலை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதிபர்களின் பெயர்களையும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டுகளையும், பரீட்சைப் பெறுபேறுகளையும் நிரல்பட எழுதி அமைவர். மாணவன் எங்கே இருந்து படித்தான், எவரோடு இருந்து உண்டான், நோயுற்றபோது அவனைப் பார்த்தவர் யார், அவனைப் பெற்றோர் பள்ளி வாயிலில் வந்து நின்று கேட்டது யாது என்பன அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தமட்டில் இஃது ஒரு பெருங் குறையேயாம். ஏனெனில், கடந்த 200 ஆண்டுகளில் இங்கே பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நிகழ்ந்த பெரிய வழக்குக்களிற் பல பாடப்புத்தகத்தைப் பற்றி எழுந்தவையல்ல. சோற்றையும் வாங்கையும் பற்றி எழுந்தவை. மாணவர் நலம் என இக்காலத்திற் பேசப்படும் பொருளின் பழைய வரலாறு அவ்வழக்குக்களிலேதான் கிடக்கின்றது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலே இவ்வழக்குக்கு இடமிருக்கவில்லை. அங்கே வீடும் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை சட்டம்பியாரின் திண்ணையில் மணலிலே எழுதிப் பழகும். பசித்தால் தன் வீட்டுக்கு ஓடிப்போய் உண்டு மீளும். சட்டம்பியாருக்கு வீட்டார் கொடுத்தது நெல்லும் காய்கறியும், ஆண்டுப் பிறப்புக்கு ஒரு வேட்டியுமாம். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவருக்குப் பாடஞ் சொல்லுவான். வராத பிள்ளையை வீட்டுக்குச் சென்று அழைத்து வருபவனும் அவனே. சென்னையிலே இம்முறையைக் கண்ட அந்திரு பெல் என்னும் பாதிரியார் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று புதுக் கல்விமுறை எனப் பெயர் பெற்றதை எம்மவருட் பலர் மறந்தனர். ஆயினும் அத்திண்ணையைப் பொற்காலமெனப் புகழ்வதும் பொருந்தாது. கோதண்டம் என்னும் தண்டனையை நேரிற் கண்டோர் அங்ஙனம் புகழார். மேலும் அத்திண்ணையில் ஏறும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கும் இருந்ததில்லை.

1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கிப் பள்ளிகளைத் தொடங்கினர். பகற் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வந்தனர். பிள்ளைகளைத் தம்மோடு வைத்து உண்பித்துப் படிப்பிக்க முயன்றபோதுதான் வீட்டார் மறித்தனர். எழுத்துப் படிப்பது குற்றமன்று. மிசன் வளவிலே உண்பதுதான் குலத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. மிசனரிமார் இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது. வட்டுக்கோட்டையில் மிசன் வளவுக்கு அயலிலே, சைவர் ஒருவருக்குரிய காணியில், அடுக்களை ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே சைவச் சமையற்காரன் ஆக்கிய சோற்றை உண்டு, பிள்ளைகள் வேலியைக் கடந்து வந்து பாடங் கேட்டனர். சமயம் மாற்ற வந்தோர் ஊராரின் ஆசாரத்துக்கு இணங்கி அடுக்களையை வேலிக்கு அப்பால் வைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. பெற்றார் ஆசிரியர் சங்கம் என்றொரு பெயர் இந்நாட்டிற் கேளாத காலம் அது. பெற்றாரின் சொல்லோ அடுக்களைவரை சென்றது.

1823 ஆம் ஆண்டிலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி இவ்விணக்கத்தின்மேல் எழுந்ததேயாம். டானியல் பூர் அதன் முதல் அதிபர். அங்கே தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானநூலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே கற்றவர்கள். மாணவர் பலருக்கு, அவர்தம் செலவைத் தாங்கிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. வீட்டிலே ஒரு பெயரும் விடுதியிலே ஒரு பெயருமாக அவர்கள் வளர்ந்தனர். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இஃது என்ன செய்திருக்கும் என அக்காலத்தார் எவரும் எழுதிவைக்கவில்லை. நெவின்ஸ் என்னும் பெயர் தாங்கிய சிதம்பரப்பிள்ளையே 1886 ஆம் ஆண்டளவில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார் என்பதும், அதுவே சைவர் கைக்கு மாறி யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது என்பதும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கற்பாலன.

பெண்பிள்ளைகள் காரியத்தில் வீட்டாரின் அச்சம் வேறாயிருந்தது. 1824 இல் உடுவிலிலே மகளிர் விடுதிப்பள்ளி தொடங்கியபோது, படித்த பெண்ணை யார் மணப்பார் என்பதே தாய்மார் கேட்ட கேள்வி. அதற்கு மிசன் கொடுத்த விடை சீதனம். படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனங் கொடுக்கும் வழக்கம் சில காலம் நடந்தது. யாழ்ப்பாணத்தானின் மனத்தை அமெரிக்கர் நன்கறிந்து வைத்திருந்தனர் என்று சொல்வதன்றி வேறென் சொல்வது!

இவ்விணக்கங்கள் எல்லாம் போதா என்று கண்டவர் ஆறுமுகநாவலர். பிள்ளை வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக இரண்டுபட்டு வளர்தல் கூடாது என்பது அவர் கருத்து. 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அவர் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலையில் வீட்டின் ஆசாரமே பள்ளியின் ஆசாரமாயிற்று. நீராடலும், தூய உடையும், உண்ணும் முறையும், பெரியோரைப் பணிதலும் இலக்கணத்தோடு ஒருங்கு கற்பிக்கப்பட்டன. அவருடைய பாலபாடங்களை விரித்துப் பார்ப்போர், எழுத்தறிவோடு உடம்பையும் ஒழுக்கத்தையும் பேணும் கவலை அவற்றிலே எவ்வளவு மிகுந்துள்ளது என்பதை அறிவர். அவர்பின் ஊர்தோறும் எழுந்த சைவப் பள்ளிகள் அரசினர் பணத்தால் மாத்திரம் எழுந்தவையல்ல. பிடியரிசியும், பனைமரமும், கிடுகும், ஊராரின் உடலுழைப்பும் அவற்றை நிறுத்தின. 1923 ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்திற்று.

இதுவரை கூறியவற்றால், வீட்டாரின் பங்கு பள்ளிக்கு எப்போதும் நன்மையே செய்தது என யாரேனுங் கொள்வராயின் அது தவறாகும். வட்டுக்கோட்டையில் வேலிக்கு அப்பால் அடுக்களையை வைப்பித்த அதே கை, நூறாண்டு கழித்தும், சில பிள்ளைகளை வாங்கிலே இருக்க விடாது தடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர். சில இடங்களில் மண்டபத்துக்கு வெளியே இருந்தனர். ஏனையோர் வாங்கில் இருந்தனர். ஆசிரியர் ஒருவரே, பாடம் ஒன்றே, பரீட்சையும் ஒன்றே. ஒரு முழத்துக்கு உயர்ந்த பலகை ஒன்றுதான் இடையிலே நின்றது. நிலத்திலிருந்து அண்ணாந்து கரும்பலகையைப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்று கற்பிக்கப்பட்ட முதற் பாடம் எதுவென்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனை முதலிற் கூட்டமாக எதிர்த்தவர் பெற்றாரல்லர். மாணவரும் இளம் ஆசிரியருமே. 1924 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்தவரும், பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கியவருமாகிய ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றவர். சைவரும் கிறிஸ்தவரும் அதிற் கலந்திருந்தனர். தீண்டாமையை ஒழித்தல், தாய்மொழிக் கல்வி, நாட்டு விடுதலை என்பன அவர்கள் கொள்கைகள். அவர்கள் அழைப்பின்பேரில் 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து, கல்லூரிகள் பலவற்றில் மாணவரிடையே பேசினார். பேச்சோடு நில்லாது, எல்லாக் குலத்தாரோடும் ஒரே பந்தியிலிருந்து உண்பதையும் இவ்விளைஞர் ஒரு விரதம்போற் கைக்கொண்டனர். வீட்டிலே தாயார் எதிர்த்தார், தந்தையார் சினந்தார். சமபந்தியில் உண்டுவந்த மகனுக்குத் தன் வீட்டு அடுக்களையிற் சோறு கிடைக்குமோ என்பது அக்காலத்தில் வெறும் பேச்சன்று.

1930 ஆம் ஆண்டையொட்டி, உதவிபெறும் பாடசாலைகளில் எல்லா மாணவருக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டுமென அரசினர் பணித்தனர். அதன்மேல் எழுந்த குழப்பத்தை எமது ஊர் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. பெற்றார் பலர் தம் பிள்ளைகளை மறித்து வைத்தனர். பணிப்பை மீளப்பெறுமாறு விண்ணப்பங்கள் சென்றன. கல்விக்குப் பொருளை வாரி வழங்கிய பெரியோர் சிலரும் அவ்விண்ணப்பங்களின் பக்கமே நின்றனர். சில பள்ளிக் கொட்டில்கள் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. ஊரார் பனையோலை சுமந்து எழுப்பிய கொட்டிலை ஊரார் சிலரே கொளுத்தினர் என்னும் செய்தி மறைத்தற்குரியதன்று. கல்லூரி விடுதிகளிலும் இவ்வாறே. தாழ்த்தப்பட்ட குலத்து மாணவன் ஒருவன் உண்ணும் மண்டபத்துக்கு வந்தபோது எழுந்து வெளியேறிய மாணவரும் உண்டு. வீட்டாரின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவனருகே இருந்த மாணவரும் உண்டு. பின்னவர் பெயர்களை எவரும் கல்லிற் பொறித்திலர்.

ஈண்டு ஒன்று தெளிவாகின்றது. பள்ளியோடு வீட்டார் உறவாடுதல் வேறு, பள்ளியை வீட்டார் தம் குலத்தின் காவலாக ஆக்குதல் வேறு. இரண்டும் ஒரே ஊரில், ஒரே மனிதரிடத்திற்கூட, கலந்து கிடந்தன. தலைமையாசிரியருக்கு இவற்றைப் பிரித்தறிதல் எளிதாயிருந்ததில்லை. பிரித்தறிந்தவர் சிலர் பதவியை இழந்தாலும் வியப்பில்லை.

அரசினர் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1918 ஆம் ஆண்டிலே பாடசாலை மாணவரின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மருத்துவ சேவை இலங்கையில் தொடங்கிற்று. முப்பதுகளில் பஞ்சமும், 1934–35 இல் மலேரியாவும் நாட்டை வாட்டியபோது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவளித்தல் இன்றியமையாததாயிற்று. 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். பின்வந்த காலத்துப் பணிசும் பாலும் எம்மில் மூத்தோர் பலருக்கு இன்றும் நாவில் நிற்கும். அந்தப் பணிசைப் பெற எல்லாரும் ஒரே வரிசையில் நின்றோம். சம ஆசனத்துக்காக எழுந்த பெருங் குழப்பத்தின் பின், வரிசை ஒன்றாயிற்று என்பதை அன்று நாம் எண்ணிப் பார்த்தோமல்லம். 1960 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபின், முகாமையாளர் இருந்த இடத்துக்குப் பெற்றாரும் பழைய மாணவரும் சேர்ந்த சங்கங்கள் வந்தன.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பள்ளிகளும் அவர்களோடு பெயர்ந்தன. ஒரு கட்டடத்திற் காலையில் ஒரு பள்ளியும் மாலையில் வேறொரு பள்ளியும் நடந்தன. மரநிழல் வகுப்பறையாயிற்று. வாங்கு இல்லாமையால் யாவரும் நிலத்திலேயே இருந்தனர். உறவினரை இழந்த பிள்ளை பேசாதிருப்பதையும், ஓசை கேட்டால் நடுங்குவதையும் முதலிற் கண்டறிந்தவர்கள் வகுப்பாசிரியர்களே. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராயிருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தோரும் ஆசிரியருக்கு உளவளத்துணைப் பயிற்சி அளித்தனர். ஆசிரியர் தாமும் வீட்டை விட்டு வந்தவர்; அவர் சென்று பார்க்கும் தாயும் வீட்டை விட்டு வந்தவள். வீட்டாரோடு பேசுதல் என்பது அக்காலத்தில் கோயில் மடத்திலும், பிறர் வீட்டு விறாந்தையிலும், கொட்டிலிலும் இருந்து பேசுவதாயிற்று.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுதற்கு வேண்டியவை அதிபர் உரைகளல்ல. சம்பவத் திரட்டுக்களும், வரவு இடாப்புக்களும், விடுதிச் சமையற் கணக்குக்களும், பெற்றார் எழுதிய கடிதங்களுமேயாம். அவற்றுட் பெரும்பகுதி போரில் அழிந்தது. எஞ்சியவை பழைய மாணவரின் வீட்டுப் பெட்டகங்களில் இருத்தல் கூடும். 1920 தொடக்கம் 1960 வரையுள்ள விடுதிக் கணக்குப் புத்தகம் ஒன்றேனும் எவர் கையிலாவது இருப்பின், கறையான் அரித்த ஏடாயினும், அதனைக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.