தேய்ந்து அழிந்த படலம்: நைட்ரிக் ஆக்சைடு ஆய்வின் தடம்

1978 மே மாதம், நியூயார்க் நகரின் புரூக்ளின். ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய வளையம் ஒன்று உப்புக்கரைசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய சோதனையில் உதவியாளர் வரிசையை மாற்றிவிட்டார். தமனியைச் சுருக்கியிருந்த முதல் மருந்தை அலசி வெளியேற்றும் முன்பே அசிட்டைல்கோலினை ஒத்த கார்பகாலை விட்டார். மேலும் சுருங்கியிருக்க வேண்டிய தமனி தளர்ந்தது.

ஃபர்ச்காட்டுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. அசிட்டைல்கோலின் தமனித் துண்டைச் சுருக்குகிறது என்று 1953இலேயே எழுதியவர் அவர். உயிருள்ள உடலிலோ அதே மருந்து இரத்தக்குழாயை விரிக்கும். கால் நூற்றாண்டாகத் தீராமல் கிடந்த இந்த முரண்பாட்டுக்கு விடை, துண்டைத் தயாரித்த முறையிலேயே இருந்தது. தமனியைச் சுருள்நாடாவாக வெட்டும்போது அதன் உட்பக்கம் மெல்ல உரசப்படும். அந்த உரசலில் எண்டோதீலியம் என்னும் ஒற்றை வரிசைக் கலப் படலம் உதிர்ந்துவிடும்; வளையத்திலோ அது தப்பியிருந்தது. வெறும் உட்பூச்சு என்று பலர் எண்ணியிருந்த படலம் அது.

பிறகு அவர் செய்த சோதனை எளிமையானது. இந்த வரலாற்றிலேயே மிக அழகானதும் அதுதான். படலம் நீக்கிய தமனித் துண்டையும் படலம் உள்ள துண்டையும் உட்பக்கங்கள் ஒட்டும்படி முகத்தோடு முகமாக வைத்துக் கட்டினார். அசிட்டைல்கோலின் விட்டதும், படலம் இழந்த துண்டும் தளர்ந்தது. ஒரு கலத்திலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று இடைவெளியைக் கடந்து அடுத்த துண்டின் தசைக்குப் போயிருக்கிறது! 1980இல் ஜான் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்.

அந்தப் பொருள் எது? விடையின் பாதி முன்பே கிடைத்திருந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், 1870களின் இறுதியிலிருந்தே பயன்பாட்டில் உள்ள மருந்து. அது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத் தசையைத் தளரச் செய்யும் செய்தி மூலக்கூறான சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்குகிறது என்று 1977இல் ஃபெரிட் முராட் காட்டினார். இரு தடங்களும் 1986இல் ஒன்று சேர்ந்தன. ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் தனித்தனியே ஒரே கருத்தை முன்வைத்தனர்: படலம் அனுப்புவது நைட்ரிக் ஆக்சைடு. மறு ஆண்டு, இங்கிலாந்தின் பெக்கன்ஹாமில் சல்வடோர் மொன்காடாவின் குழு அந்த வாயுவை அளந்தே காட்டியது. 1998இல் நோபல் பரிசு முதல் மூவருக்குக் கிடைத்தது. மொன்காடா அந்தப் பட்டியலில் இல்லாதது இன்றும் மனத்தை உறுத்தும் விடுபடல்தான்.

இதுவரை கதை விரிவதும் சுருங்குவதும் பற்றியது. அழற்சியோடு இதற்கு உள்ள தொடர்பு 1991இல் வெளிப்பட்டது. பால் கியூப்ஸ், நீல் கிரேஞ்சர் குழுவினர் பூனையின் குடல்தாங்கிப் படலத்துச் சிறுகுழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தனர். இரத்தத்தோடு போய்க்கொண்டிருந்த வெள்ளணுக்கள் சுவரில் வந்து அப்பிக்கொண்டன. மூலப்பொருளான எல்-ஆர்ஜினினைக் கொடுத்ததும் ஒட்டுதல் குறைந்தது. அதாவது, அமைதியாக இருக்கும் குழாய்ச் சுவர் வெள்ளணுக்களை ஓயாமல் விலக்கிக்கொண்டே இருக்கிறது.

எப்படி? 1995இல் ரஃபேலே டி காட்டரினா, பீட்டர் லிபி, ஜேம்ஸ் லியாவ் ஆகியோரின் ஆய்வுகள் கலத்தின் உள்ளே நுழைந்து பார்த்தன. அழற்சிச் செய்தி வந்ததும் எண்டோதீலியக் கலம் விகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை வெளியே நீட்டும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பற்றிக்கொள்ளும் கொக்கி அது. அந்தக் கொக்கிக்கு உத்தரவிடுவது என்எஃப்-கப்பா-பி என்ற மரபணு இயக்கிப் புரதம். இதைக் கட்டிவைத்திருக்கும் தடைப் புரதத்தை நைட்ரிக் ஆக்சைடு நிலைப்படுத்துகிறது, உத்தரவு அடங்குகிறது. தமனித் தடிப்பின் தொடக்கப் படிகளில் ஒன்று மோனோசைட் ஒட்டுவது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு வாயுவின் எடை புரியும்.

ஆனால் அதன் ஆயுள் சில நொடிகளே. சூப்பர்ஆக்சைடு என்ற வினைமிகு ஆக்சிஜன் வடிவம் எதிர்ப்பட்டால் அதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற கேடான பொருளாகிவிடும். புகைபிடித்தலும் நீரிழிவும் இந்தச் சூப்பர்ஆக்சைடைத்தான் பெருக்குகின்றன.

2012இல் இன்னொரு வியப்பு. சிவப்பணுக்களுக்கே உரியது என்று நாம் படித்த ஹீமோகுளோபினின் ஆல்பா சங்கிலி, சிறு தமனிகளின் எண்டோதீலியத்திலும் இருப்பதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பிரான்ட் ஐசக்சன் குழு கண்டது. படலக் கலம் தனக்கும் தசைக்கும் இடையிலுள்ள மீள்தகட்டைத் துளைத்து விரல்போல் நீண்டு தசையைத் தொடும் இடத்தில் அது குவிந்திருக்கிறது. அதன் இரும்பு ஃபெரிக் நிலையில் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு தசைக்குப் போகும். ஃபெரஸ் நிலையில் இருந்தால் வழியிலேயே விழுங்கப்படும். ஃபர்ச்காட் முகத்தோடு முகம் வைத்துக் கட்டிக் காட்டிய அந்தப் படலம்-தசைப் பயணத்தின் வழியில்தான் இந்தக் கதவும் திறந்து மூடுகிறது.