வெள்ளத்தின் பெயர் தாங்கிய வறண்ட ஊர்

ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி போனோம். வழியெங்கும் சீமைக்கருவேலம். "ரமணர் வீட்டைத் தவிர இங்கே பார்க்க ஒண்ணுமில்ல" என்றார் வழிகாட்டித் தம்பி. வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

1879 டிசம்பர் 30-இல் ரமணர் பிறந்த ஊர்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சுந்தரர் பாடிய தலம். 'சுழி' என்றால் நீர்ச்சுழல். பெருவெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கினார் என்கிறது தலபுராணம். புராணம் வரலாறு ஆகாது. ஆனால், வெள்ளத்துக்கு அஞ்சிய மக்களல்லவா இப்படிக் கதை சொல்வார்கள்?

ஊரோரம் குண்டாற்றைக் காட்டினேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. பேருந்தில் பேச்சு அடங்கியது.

"அடுத்த ட்ரிப்புல இதையும் சொல்றேன் சார்" என்றார் தம்பி. அது போதும்.