அலிபாபாவின் வாளும் மர்ஜானாவின் விழிப்பும்

இலத்தூர்க் குளக்கரையில் ஒருநாள் மாலை நம் மாணவர் சிலர் வழக்கொன்றைக் கொண்டுவந்தனர். தொலைக்காட்சியில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ பார்த்திருக்கின்றனர். ஏழை விறகுவெட்டி நாற்பது கொள்ளையரை வென்றானே, அரபுப் பழங்கதைகளில் அவனுக்கு நிகரானவர் யார் என்பது வினா. வினா நன்று, ஆயின், வென்றவன் அவன்தானா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

1956ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட அப்படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பி. பானுமதி மர்ஜியானாவாகவும் நடித்தனர். படத்தின் தலைவன் வாள் சுழற்றும் வீரன்.

கதையிலோ அலிபாபாவிடம் வாள் இல்லை. குகைக் கதவின் மந்திரச்சொல் அவன் காதில் விழுந்தது தற்செயல். எண்ணெய்ச் சாடிகளுக்குள் 37 கொள்ளையர் பதுங்கியிருந்த இரவில் அவன் உறங்குகிறான். விழித்திருந்தவள் அடிமைப்பெண் மர்ஜானா. விளக்குக்கு எண்ணெய் தேடிச் சென்றவள் சூதறிந்து, கொதிக்கும் எண்ணெயால் அவர்களை முடிக்கிறாள். அதன் பின்னரே அவளுக்கு விடுதலை கிட்டுகிறது. பின்னர் வேடமிட்டு விருந்துக்கு வந்த கொள்ளைத் தலைவனை வீழ்த்தியவளும் அவளே.

இவளுக்கு நிகரானவர் அன்தரா. 6ஆம் நூற்றாண்டினர், முஅல்லகாத் கவிஞருள் ஒருவர். அபிசீனிய அடிமைத் தாய்க்குப் பிறந்தமையால் தந்தை ஷத்தாத் அவரை மகனென ஏற்கவில்லை. பகைவர் குலத்தைத் தாக்கியபோதுதான் அவர் கை தேவைப்பட்டது. அன்றே விடுதலையும் வந்தது என்பது மரபுச் செய்தி. இருவருக்கும் உரிமை பிறப்பால் வரவில்லை. பிறருக்கு உயிராபத்து நேர்ந்த வேளையில்தான் வந்தது.

“அவ்வாறாயின் கதைக்கு அவள் பெயரை ஏன் சூட்டவில்லை?” என்றான் ஒரு சிறுவன்.

அதற்கு விடை கதையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ‘ஆயிரத்தோரிரவு’ நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலிபாபா இல்லை. 1709இல் அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப் பாரிஸில் அந்துவான் கலானுக்குச் சொன்ன கதை அது. 1717இல் பிரெஞ்சில் அச்சேறிய நூலில் சொன்னவர் பெயர் இடம்பெறவில்லை. கலானின் நாட்குறிப்பில் மட்டும் இருந்தது. தியாப் முதுமையில் எழுதிய தன்வரலாறு வத்திகான் நூலகத்தில் கிடந்து, 1993இல்தான் அவருடையதென அறியப்பட்டது.

உழைத்தவள் பெயர் தலைப்பில் இல்லை. உரைத்தவர் பெயர் நூலிலேயே இல்லை. வாளைக் கண்டு வியந்த பிள்ளைகளே, இனி அக்கதையைச் சொல்லுங்கால் இவ்விருவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள் என்றோம்.