லண்டனில் ஒரு மூன்றடுக்குப் பள்ளிக்கூடம்

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, பேத்தியைப் பள்ளியில் விட்டு அழைத்து வரும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. மாலையில் மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் நின்றுவிடுவேன். (சர்க்கார் வேலை பார்த்தவனுக்கு நேரத்துக்கு முன்னால் போகிற வியாதி ஓய்வு பெற்ற பிறகுதான் வரும்.) நிற்கிற நேரத்தில் பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் கட்டடத்தைப் பார்த்தேன்.

மஞ்சள் செங்கல் சுவர், ஜன்னல் ஓரங்களில் சிவப்புச் செங்கல். சுற்றியுள்ள வீடுகள் அதன் இடுப்பு வரைதான் வருகின்றன. சுவரில் கல்லில் செதுக்கி 1906 என்ற ஆண்டும் எல்.சி.சி. என்ற எழுத்துகளும். அதாவது லண்டன் கவுண்டி கவுன்சில். 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பிறந்த லண்டன் பள்ளி வாரியம் நூற்றுக்கணக்கில் இப்படிப் பள்ளிகளைக் கட்டியது. 1904-ல் வாரியம் போய்க் கவுன்சில் வந்தது. ஆனால் வாரியத்தின் கட்டடக் கலைஞர் டி.ஜே. பெய்லி 1910 வரை அதே வேலையில் இருந்தார். கொடி மாறினாலும் கோப்பு அதே மேஜையில் இருக்கும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெய்லிக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஈ.ஆர். ராப்சன். பள்ளிக் கட்டடக் கலை பற்றி 1874-ல் ஒரு புத்தகமே எழுதியவர். கூர்வளைவு வைத்த கோதிக் பாணி கோயிலுக்குரியது, பொதுப் பள்ளிக்கு அது வேண்டாம் என்பது அவர் கட்சி. வாரியப் பள்ளி எந்தச் சபைக்கும் சொந்தமில்லை அல்லவா? ஆகவே சாதாரணச் செங்கல், உயரமான வெள்ளைச் சட்ட ஜன்னல், முக்கோண முகப்பு என்று 'குவீன் ஆன்' பாணியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் பெற்றோரை உள்ளே விட்டார்கள். நானும் போனேன். தரைத் தளம் சிறு குழந்தைகளுக்கு. மேலே இரண்டு தளங்கள், ஒன்று பெண்களுக்கு, ஒன்று பையன்களுக்கு. தளத்துக்கு ஒரு தலைமை ஆசிரியர், தனி வாசல், தனிப் படிக்கட்டு. ஒரே கூரையின் கீழ் மூன்று பள்ளிக்கூடம்! லண்டனில் மனை விலை அப்படி. சில பள்ளிகளில் மொட்டை மாடியையே விளையாட்டு மைதானமாக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தளத்திலும் நடுவில் ஒரு பெரிய கூடம். அதை ஒட்டி வகுப்பறைகள். அறைக்கும் கூடத்துக்கும் இடையில் கண்ணாடி போட்ட தடுப்பு. நான் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினேன். எல்லா வகுப்பும் தெரிந்தது.

எனக்கு எங்கள் பிரெஞ்சுப் பள்ளி ஞாபகம் வந்தது. அங்கே 'சுர்வேயான்' என்று ஒருவர் உண்டு. பாடம் நடத்த மாட்டார், பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் உத்தியோகம். அவர் காலடிச் சத்தம் கேட்டால் வராந்தா முழுக்க அடங்கிவிடும். லண்டனில் அந்த உத்தியோகத்தைக் கட்டடத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஓர் அறைக்கு 60 பிள்ளைகள் வரை உட்கார்ந்த காலம். அனுபவம் குறைந்த இளம் ஆசிரியர்கள் பலர். தலைமை ஆசிரியர் கூடத்தில் நின்றாலே மேற்பார்வை நடந்துவிடும். சிக்கனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஜன்னலும் அப்படித்தான். எழுதுகிற வலது கையின் நிழல் தாளில் விழக்கூடாதென்று வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜன்னலின் அடிக்கட்டை பிள்ளையின் தலைக்கு மேலே. "தாத்தா, எங்க கிளாஸ்ல ஜன்னல்ல வானம் மட்டும்தான் இருக்கு" என்றாள் பேத்தி.

இந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த விலை காற்று. ஒரு பக்கம் கூடம் அடைத்துக்கொள்வதால் அறைக்கு வெளிச்சுவர் எதிரும் புதிருமாக அமையாது. உள்ளே வந்த காற்று குறுக்கே ஓடி வெளியே போக வழி கிடையாது. 60 பிள்ளைகள் விட்ட மூச்சு அங்கேயே சுற்றும். காசநோய் மலிந்திருந்த காலம் அது.

போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதியே இல்லாதவர்கள் என்று தெரிந்து அந்த நாடு திடுக்கிட்டது. 1904-ல் அது பற்றி ஒரு குழுவின் அறிக்கை வந்தது. 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை சட்டமாயிற்று. டாக்டர் பள்ளிக்குள் நுழைந்ததும் கட்டடமும் பரிசோதனைக்கு வந்தது. மாடி மேல் மாடி கட்டிய அதே லண்டன் கவுன்சில், 1907-ல் பாஸ்டல் வுட் என்ற இடத்தில் நோஞ்சான் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துத் திறந்தவெளிப் பள்ளி நடத்திப் பார்த்தது.

கட்டடத்தையே மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் டெர்பிஷயரின் ஜி.எச். விடோஸ். அந்த மாவட்ட மருத்துவ அதிகாரி சிட்னி பார்வைஸின் யோசனைகளைக் கேட்டு, அவர் நடுக்கூடத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். ஒரே தளம், வகுப்பறைகள் ஒற்றை வரிசை, இரண்டு பக்கமும் ஜன்னல், போய்வர ஒரு வராந்தா. அவர் இல்க்ஸ்டனில் கட்டிய பள்ளி இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடம்.

வராந்தா! அந்தச் சொல்லே நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் ஊரில் எந்தக் கொத்தனாரும் கேட்காமலே போடுகிற ஒன்று அங்கே பள்ளிக்குள் வர ஒரு யுத்தமும், ஒரு சட்டமும், டாக்டர்களும் தேவைப்பட்டிருக்கிறார்கள். நாங்கள் சுர்வேயானைத் திட்டிக்கொண்டே வராந்தாவில் ஓடிய காலத்தில், அந்த வராந்தாவுக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றியதில்லை.

பேத்தியின் பள்ளியில் இப்போது வகுப்புக்கு 30 பேருக்குள்தான். அந்த உயரமான கூரைக்குக் கீழே அது தாராளம். பெற்றோரும் வீட்டு விலையும் அந்தக் கட்டடத்தைக் கொண்டாடுகிறார்கள். வெளியே இரண்டு வாசல்கள் அப்படியே இருக்கின்றன. 'கேர்ல்ஸ் அண்ட் இன்ஃபண்ட்ஸ்' என்று செதுக்கிய வாசலைப் பூட்டி அதன் முன்னால் குப்பைத் தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் பேத்தி 'பாய்ஸ்' வாசல் வழியாக ஓடி வருவாள்.